இலைக்கருகலைத் தாங்கும் சம்பா மசூரி: ஒரு விதை மதிப்புரை

டெல்டாவில் ஆந்திரா பொன்னி என்று எல்லோரும் அழைக்கும் பிபிடி 5204 ரகத்தைத்தான் நான் பல ஆண்டுகளாகச் சம்பாவில் நட்டு வருகிறேன். 1986-இல் ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் அது. சன்னமான அரிசி, சோறு நன்றாக இருக்கும், வியாபாரி களத்துக்கே வந்து கேட்பார். அதன் தீராத குறை பாக்டீரியா இலைக்கருகல் நோய். ஐப்பசியில் காற்றும் மழையும் சேர்ந்து இரண்டு நாள் அடித்தால் போதும், பத்தாம் நாள் வயலைப் பார்க்க மனம் வராது. எனவே சென்ற சம்பாவில், இந்நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி விதையை ஆறு மாவிலும் (மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர்), பழைய பிபிடியை அதற்கு மேல்மடையில் மூன்று மாவிலும் நட்டுப் பார்த்தேன்.

விதையைப் பற்றிச் சொல்வதற்கு முன் நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இலை காய்ந்தாலே பூஞ்சாணம் என்று முடிவு கட்டி, கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கி வரும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இலைக்கருகல் நுனியில் தொடங்கி, இலையின் ஓரமாகவே அலை அலையாகக் கீழிறங்கி, வைக்கோல் நிறத்துக்கு மாறும். விடியற்காலையில் வயலில் இறங்கினால் அந்த ஓரங்களில் பால் போன்ற சிறு துளிகள் நிற்பதைக் காணலாம். வெயில் ஏறியதும் அவை மஞ்சள் மணிகளாகக் காய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால், நோய் கண்ட இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுவாயைக் கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் அமிழ்த்திப் பிடித்தால், சில நிமிடங்களில் வெண்ணிறக் கசிவு இழையாக இறங்கி நீரைக் கலங்கச் செய்யும். அப்படிக் கலங்கினால் அது பாக்டீரியாதான். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு தம்ளர் தண்ணீர்.

மருந்துகளை நான் முயலாமல் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் என்ற இரண்டு பாக்டீரியாக்கொல்லி மருந்துகள் கலந்த தூளை ஏக்கருக்கு 120 கிராம், காப்பர் ஆக்சிகுளோரைடு 500 கிராம் என்ற கணக்கில் தெளிப்பதுதான் நெடுநாள் பரிந்துரை. நோய் தொடங்கும்போதே தெளித்தால் ஓரளவு மட்டுப்படுகிறது; வயல் பாதி வெளுத்த பிறகு தெளித்தால் மருந்துச் செலவும் ஆள் கூலியும்தான் மிச்சம். மேலும் ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்து. அதை வயலில் கொட்டுவது சரியா என்ற கேள்வி இருப்பதால்தான், ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் இரண்டையும் பயிர்களில் பயன்படுத்துவதைத் தடை செய்யும் வரைவு அறிவிக்கையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. 20 சத பசுஞ்சாணக் கரைசலையும் இருமுறை தெளித்திருக்கிறேன். தொடக்க நிலையில் அதுவும் நன்றாகவே கேட்கிறது, ஆனால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளாமல் சாணிப்பாலை வடிகட்டுவதற்குள் அரை நாள் போய்விடும்.

இப்போது விதைக்கு வருகிறேன். ஐதராபாத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து உருவாக்கி, 2008-இல் வெளியான ரகம் இது. பழைய பிபிடியையே எடுத்துக்கொண்டு, எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களை கலப்பினச் சேர்க்கையின் மூலம் அதில் சேர்த்திருக்கிறார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல என்பதை, கேட்கும் உறவினர்களுக்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. எக்ஸ்ஏ13 வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது: இந்தப் பாக்டீரியா, பயிர் தன் சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடச் செய்யும் ஒரு மரபணுவைத் தூண்டிவிட்டுப் பிழைக்கிறது, எக்ஸ்ஏ13 உள்ள பயிரில் அந்தத் தூண்டல் பலிப்பதில்லை, கிருமி பட்டினி கிடக்கிறது. ஒரே மரபணுவை நம்பியிருந்தால் கிருமி நாளடைவில் அதற்குப் பழகிவிடும் என்பதால்தான் மூன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கத்தை இரண்டு பகுதியிலும் நிறுத்தினேன். கிள்ளிய காயமே கிருமிக்கு வாசல். கார்த்திகைத் தொடக்கத்தில் மூன்று நாள் காற்றோடு மழை பெய்து, மேல்மடை நீர் வரப்பை உடைத்துக்கொண்டு கீழ்வயலில் பாய்ந்தது. நோயுள்ள வயலின் நீரை அடுத்த வயலுக்கு விடக் கூடாது என்பது பாலபாடம். மழை அதைக் கேட்பதாயில்லை. நான் திட்டமிடாத சோதனையாக அது அமைந்தது. இரண்டு வாரத்தில் பிபிடியில் கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வரை கருகல் ஏறிவிட்டது. கீழ்வயலில் வரப்போரத்துத் தூர்களில் மட்டும் ஓரிரு அங்குல நீளத்துக்கு மஞ்சள் கோடுகள் தெரிந்தன, அதற்கு மேல் நகரவில்லை. அங்கே ஒரு பொட்டலம் மருந்துகூடத் தெளிக்கவில்லை. அறுவடையில் மேல்வயல் நெல்லில் பதர் கண்கூடாக அதிகம். மாவுக்கு இரண்டு மூட்டை குறைந்தது.

குறைகளும் உண்டு. பிபிடியின் மற்ற பலவீனங்கள் அப்படியே இதிலும் இருக்கின்றன. பூஞ்சாணத்தால் வரும் குலைநோய்க்கு இது எளிதில் ஆட்படும். மார்கழிப் பனியில் கழுத்துக் குலைநோய் தலைகாட்டியதால் அதற்கென்று ஒருமுறை மருந்து தெளிக்க வேண்டியதாயிற்று. 'நோய் தாங்கும் ரகம்' என்ற சொல்லை நம்பி எல்லா நோய்க்கும் என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்து போவார். யூரியாவை அள்ளி வீசலாம் என்பதும் இல்லை. தழைச்சத்து மிஞ்சினால் குலைநோய் பெருகும், பயிரும் சாயும். நான் யூரியாவை மூன்றாகப் பிரித்து, மேலுரத்தோடு பொட்டாஷையும் சேர்த்துப் போட்டேன். விதை நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை என்பது பெரிய இடைஞ்சல். ஐதராபாத்துக்கு வேலையாகப் போன மைத்துனர், அந்த நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் இராஜேந்திரநகரிலிருந்து ஒரு பை கொண்டுவந்ததால்தான் எனக்கு வாய்த்தது. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் கலப்பில்லாத நடுவயல் கதிர்களிலிருந்து அடுத்த ஆண்டுக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

சோற்றில் வித்தியாசம் இல்லை. வீட்டில் இரண்டு அரிசியையும் சொல்லாமல் சமைத்துப் போட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. வியாபாரியும் ஒரே விலைக்குத்தான் எடுத்தார். வடிகால் சரியில்லாத பள்ள வயலும், ஆண்டுதோறும் கருகல் வரும் மடையும் உள்ளவர்கள் தயங்காமல் இந்த விதைக்கு மாறலாம். மேட்டு வயலில் பிபிடி நட்டு, கருகலையே பார்க்காதவர்கள் இதற்காக ஐதராபாத்துக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை. என் மேல்மடை மூன்று மாவுக்கும் சேர்த்து, தேவையான விதையைத் தனியே எடுத்து வேப்பிலை போட்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.