ட்ரூமா காம்பி 4: 20 அடி கன்டெய்னருக்கு ஒத்துவருமா?

பிரிட்டனில் பழைய சரக்குக் கன்டெய்னரை வேலையறையாகவோ இருவர் தங்கும் வீடாகவோ மாற்றுகிறவர்கள், குளிருக்கும் குளியலுக்கும் சேர்த்து ஒரே இயந்திரம் தேடும்போது சீக்கிரமே வந்து நிற்கும் இடம் ட்ரூமா காம்பி 4. மியூனிக் பக்கத்தில் புட்ஸ்புருனில் உள்ள கம்பெனி இதைக் கேரவன்களுக்கும் மோட்டார்ஹோம்களுக்கும் என்றே தயாரிக்கிறது. 51 × 45 × 30 செ.மீ. அளவில் கேஸ் பர்னர், விசிறி, 10 லிட்டர் வெந்நீர்த் தொட்டி மூன்றும் அடக்கம். எடை சுமார் 14 கிலோ. வெப்பக்காப்பு ஒழுங்காகச் செய்த 20 அடி பெட்டிக்கு இது தாராளமாகப் போதும். காப்பு செய்யாத பெட்டிக்கு வாங்கினால் பணம் வீண்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தப் பெட்டியின் ஆறு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 70 சதுர மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், வெறும் இரும்பின் வழியாக 6, 7 கிலோவாட் வெப்பம் ஓடிவிடும். இதற்கு அண்ணனான காம்பி 6 கூட அங்கே திணறும். அதே பெட்டிக்கு எல்லாப் பக்கமும் 50 மி.மீ. ஸ்பிரே ஃபோம் அடித்தால் சுவர், கூரை, தரை வழியாகப் போவது 0.7 கிலோவாட் அளவுக்கு இறங்கும். ஜன்னல், கதவு, காற்றோட்டம் சேர்த்தாலும் ஒன்றரை கிலோவாட்டுக்குள் நிற்கும். காம்பி 4-க்கு 2, 4 கிலோவாட் என்று இரண்டு நிலை. அறை சூடேறிய பிறகு 2 போதும். ஃபோம் இரும்போடு ஒட்டியிருக்க வேண்டும். சட்டங்களுக்கு இடையே கம்பளிப் பஞ்சை மட்டும் திணித்தால், ஈரக்காற்று அதைத் தாண்டிப் போய்க் குளிர்ந்த தகட்டில் நீராகப் படியும். ஒரே குளிர்காலத்தில் பஞ்சு ஊறி, தகடு துருப்பிடிக்கும்.

பொருத்துவதில் பெரும்பாலான வேலை கெடுவது புகைபோக்கியில்தான். சுவர்ப் புகைபோக்கி கேரவனின் சமதளச் சுவருக்காகச் செய்தது. கன்டெய்னர் சுவரோ சுமார் 36 மி.மீ. ஆழத்துக்கு நெளிந்திருக்கும். நெளிவின் மேல் சீலன்ட்டைக் குழைத்து அப்பினால் சில மாதத்தில் விரிசல் விடும்; மழைநீர் ஃபோமுக்குப் பின்னால் இறங்கும். புகைபோக்கி அமரும் இடத்தில் 3 மி.மீ. தட்டை இரும்புத் தகட்டை வெல்ட் செய்து, அதில்தான் துளை போட வேண்டும். ஃபோம் எரியக்கூடியது என்பதால் வெல்டிங் எல்லாம் ஃபோம் அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெட்டிய விளிம்புக்குத் துத்தநாகப் பிரைமர், அதன் மேல் வாகனங்களுக்கான, இறுகாமல் இளகியே இருக்கும் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை). சிலிகான் கூடாது. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே இழுத்துப் புகையை வெளியே தள்ளும் அமைப்பு இது. அறைக் காற்றைத் தொடாது. புகைக்குழாய் தொய்ந்தால் பள்ளத்தில் நீர் தேங்கும். குழாயைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் புது ஓ-ரிங் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) போட வேண்டும். திறக்கும் ஜன்னலுக்குக் கீழேயும், இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவிலுள்ள சந்திலும் புகைபோக்கி வேண்டவே வேண்டாம். சந்தில் தேங்கும் புகையையே மறுபடி இழுத்து அணைந்துவிடும்.

கேஸ் அழுத்தம் அடுத்த கண்ணி. பிரிட்டனில் வீட்டு உபயோகத்துக்கான ப்ரொப்பேன் ரெகுலேட்டர் 37 மில்லிபார். காம்பிக்குத் தேவை 30. கடைக்காரர் கையில் கொடுத்ததை மாட்டாமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பர்னருக்கு வருவது 8 மி.மீ. செம்புக் குழாய். குளிர்காலத்துக்கு ப்ரொப்பேன்தான், பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் பெட்டிக்கு வெளியே, சாக்கடை மூடியிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ப்ரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கன்டெய்னரோ காற்றுப் புகாமல் கட்டியது. கசிந்தால் தரையோடு தேங்கும் என்பதால் கேஸ் அலாரம் தரையை ஒட்டி. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி.

செலவு தெரிய வேண்டுமா? 2 கிலோவாட்டில் இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு 160 கிராம் கேஸ் செலவாகும். 19 கிலோ சிலிண்டர் 118 மணி நேரம் வரும். காப்பு நன்றாக இருந்து பாதி நேரமே எரிந்தால் பத்து நாளைக்குக் காணும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு எண்ணை மறக்கக் கூடாது: 2.8 பார். தொட்டிக்கு வரும் நீரின் அழுத்தம் அதைத் தாண்டக் கூடாது. தெருக் குழாய் அழுத்தம் பல ஊர்களில் அதைத் தாண்டும், ஆகவே இணைப்பில் அழுத்தக் குறைப்பான் கட்டாயம். தொட்டி 15 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற 20 நிமிடம். 10 டிகிரி குளிர்நீர் கலந்தால் 40 டிகிரியில் 17 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஷவரில் மூன்று நிமிடம். நனைந்து, ஷவரை நிறுத்தி, சோப்புப் போட்டு அலசுகிறவர்களுக்குச் சரி. இரண்டு பேர் அடுத்தடுத்து நிதானமாகக் குளிக்க வேண்டுமென்றால், ஓரிடத்திலேயே நிற்கும் கேரவன்களில் மாட்டும் மொர்கோ போன்ற உடனடி ஹீட்டரைத் தனியாகப் போட்டு, அறைச் சூட்டுக்கு வேறு வழி பார்ப்பதே மேல்.

தண்ணீர் உறைந்து தொட்டி கெடாமல் காக்கும் ஃப்ராஸ்ட்கன்ட்ரோல் வால்வு நல்ல யோசனை: 3 டிகிரியில் தானாகத் திறந்து தொட்டியைக் காலி செய்துவிடும், மின்சாரம் வேண்டாம். ஆனால் அதைக் குளிர்ந்த மூலையில் வைத்தால், ஹீட்டர் இதமாக இருக்கும்போதே தண்ணீரைக் கொட்டும். ஹீட்டர் பக்கத்திலேயே வையுங்கள். வடிகுழாய்த் துளையைத் தரைப் பலகையில் போடுமுன் கீழே குறுக்கு இரும்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

நான்கு சூடான காற்றுக் குழாய்களையும் இணைக்க வேண்டும். ஒன்றை அடைத்தால் உள்ளே வெப்பம் ஏறித் தானாக நின்றுவிடும். அலமாரிக்குள் வைப்பவர்கள் காற்றுத் திரும்பிவர 150 சதுர செ.மீ. திறப்பை விட்டே ஆக வேண்டும். கட்டுப்பாடும் விசிறியும் 12 வோல்ட்டில் ஓடுவதால், பேட்டரியோ, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் மாற்றியோ இருந்தால்தான் எரியும்.

வண்டிக்கென்று செய்த இயந்திரத்தை நிரந்தரமாக நிற்கும் வீட்டில் பொருத்தலாமா என்பதை முன்கூட்டியே தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேஸ் வேலையை கேஸ் சேஃப் (பிரிட்டனின் கேஸ் பணியாளர் பதிவேடு) பதிவும் எல்பிஜி தகுதியும் உள்ளவரே செய்ய வேண்டும். பதிவு அட்டையின் பின்பக்கத்தில் அவருக்கு எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று இருக்கும். கசிவுச் சோதனையும், ஹீட்டர் எரியும்போது எடுத்த அழுத்த அளவும் தாளில் வந்த பிறகு அலமாரிப் பலகையை மூடலாம்.