பேட்டரியில் சுற்றிக் காட்டினால் நம்பாதீர்கள்: வீட்டுக் காற்றாலைக்கென்று விற்கப்படும் பழைய மோட்டார்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு பழைய சாமான் கடையில், ‘காந்த மோட்டார், விசிறி மாட்டிக் காற்றில் சுற்றவிட்டால் பேட்டரி ஏறும்’ என்று சொல்லி 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒன்றைத் தலையில் கட்டினார்கள். “பாருங்கண்ணே, பன்னிரண்டு வோல்ட்டுக்கே எப்படிச் சுத்துது!” என்று கடைக்காரர் பேட்டரியில் இணைத்தும் காட்டினார்.

சுற்றத்தான் செய்யும். அது ஃபிரண்ட் லோட் வாஷிங் மெஷினில் கழற்றிய யுனிவர்சல் மோட்டார் (ஏசி, டிசி இரண்டிலும் ஓடுவது). காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் காயில்தான் இருக்கிறது. கரண்ட் கொடுத்தால் மட்டுமே அது காந்தமாகும். டிரில்லில் மாட்டி 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) சுற்றியும் மீட்டரில் ஒரு வோல்ட்கூட ஏறவில்லை. இந்த மோட்டாருக்கு வழக்கமாக ஆறேழு ஒயர் வரும். காயிலையும் பிரஷ்ஷையும் (சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) உள்ளேயே தொடராக முறுக்கி, வேகத்தை அளக்கும் டேகோ ஒயரை அடியோடு வெட்டி, காந்த மோட்டார் போலத் தெரிய இரண்டை மட்டும் வெளியே விட்டிருக்கிறார்கள். கருப்பு டேப்பைப் பிரித்தால் வெட்டுவாய் புதுச் செம்பாக மின்னுகிறது. தெரியாமல் விற்றவர் செய்கிற வேலையா இது?

கடையிலேயே பிடித்துவிடலாம். பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். காந்த டிசி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். யுனிவர்சல் அதே திசையில்தான் சுற்றும். காயில், ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) இரண்டிலும் கரண்ட் சேர்ந்தே திரும்பிவிடுகிறது. பேட்டரி இல்லையா? இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி அச்சைக் கையால் திருகுங்கள், பிறகு பிரித்துத் திருகுங்கள். சேர்த்தபோது இறுகினால் காந்தம் உண்டு.

காந்தம் இருந்தால் மட்டும் போதாது. டிரெட்மில்லில் (ஓட்டப்பயிற்சி இயந்திரம்) கழற்றிய காந்த மோட்டார் என்றால் லேபிளில் வோல்ட்டை ஆர்பிஎம்மால் வகுத்துப் பாருங்கள். 180 வோல்ட், 4500 ஆர்பிஎம் என்றால் 1000 சுற்றுக்கு 40 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குத் தேவையான 14 வோல்ட் 350 சுற்றில் கிடைக்கும். 130 வோல்ட், 6500 ஆர்பிஎம் என்றால் 700 சுற்று வேண்டும், வாங்காதீர்கள். 1.2 மீட்டர் விசிறி, விநாடிக்கு 3 மீட்டர் காற்றில் சுமார் 240 சுற்றுதான் சுற்றும், அப்போது விசிறி காற்றிலிருந்து எடுப்பதும் 5 வாட் அளவுதான்; 350 சுற்று மோட்டாருக்கே அது போதாது, இன்னும் வேகமான காற்று வேண்டும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கூரையில் விநாடிக்கு 3 மீட்டர் காற்றே பெரிய விஷயம். ‘2 குதிரைசக்தி’ என்று லேபிளில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல மோட்டாரே கிடைத்தாலும் நடுவில் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) போடாவிட்டால், காற்று ஓய்ந்ததும் பேட்டரி விசிறியைச் சுற்றிக் காலியாகிவிடும்.

ரசீதில் வெறும் ‘மோட்டார் 1’ என்று எழுத விடாதீர்கள். ‘காந்த டிசி மோட்டார்’ என்று எழுதி வாங்குங்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை.