பெரிதாக்கலாமா, குறைக்கலாமா, அப்படியே விடலாமா: மார்பக அறுவை சிகிச்சை ஓர் அலசல்

1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற ஆறு பிள்ளைகளின் தாய், மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க வேண்டும் என்று ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். அங்கே தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் புதிதாக ஒரு சிலிக்கான் பையைச் செய்துவிட்டு, வைத்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் கேட்டார்கள். மார்பைப் பெரிதாக்கும் எண்ணமே அவருக்கு அதுவரை வந்ததில்லை. அவருடைய குறையெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதுகள்தான். காதையும் சரிசெய்து தருவதாக இருந்தால் சரி என்றார். இரண்டும் நடந்தன. உலகின் முதல் சிலிக்கான் மார்பக இம்ப்ளான்ட் இப்படித்தான் ஒரு பெண்ணின் உடம்புக்குள் போனது.

யாருக்குக் குறை, யார் கண்ணுக்குக் குறை என்ற கேள்வி அந்த முதல் அறுவையிலேயே இருக்கிறது. கிளினிக் விளம்பரங்கள் சிலிக்கானா கொழுப்பா, எத்தனை சிசி, இஎம்ஐ எவ்வளவு என்று ஒப்பிடும். குறைப்பதையும் சும்மா இருப்பதையும் அந்த வரிசையில் சேர்க்காது. நான் சேர்த்தே பார்க்கிறேன்.

நம் ஊரில் இந்த நெருக்கடி இரண்டு பக்கமும் அடிக்கும். ஒல்லியாக இருப்பவளுக்குப் ‘பலகை’ என்று பட்டப்பெயர் வைக்கும் அதே வகுப்பு, பக்கத்து பெஞ்சில் இருப்பவளைப் பார்த்து வேறு மாதிரி சிரிக்கும். வீட்டில் ஒருத்திக்கு “கொஞ்சம் சதை போடேன்டி, பொண்ணு பார்க்க வர்றாங்க”. இன்னொருத்திக்கு “துப்பட்டாவை இழுத்து விடு”. ரவிக்கை தைக்கக் கொடுத்தால், டெய்லர் அக்கா டேப்பைச் சுற்றியபடியே “கப் வெச்சுத் தெச்சிரட்டுமா, எடுப்பா இருக்கும்” என்பார். நாம் கேட்கவே இல்லை. அவருக்கும் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வருகிறவர்கள் பாதிப் பேர் கேட்பதை அவர் முந்திக்கொண்டு கேட்கிறார், அவ்வளவுதான். இப்படிப் பொழுதுக்கும் அளந்துகொண்டே இருக்கும் ஊரில் ‘என் சொந்த விருப்பம்’ என்று ஒருத்தி சொல்லும்போது, அதில் எவ்வளவு சொந்தம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சிலிக்கான்

பெருக்க அறுவை என்று நம் நாட்டில் சொன்னால் பெரும்பாலும் இதுதான். கெட்டியான ஜெல் அடைத்த பை. மார்பின் கீழ் மடிப்பில் சில சென்டிமீட்டர் கீறி, பால் சுரப்பிக்கு அடியிலோ மார்புத் தசைக்கு அடியிலோ வைத்துத் தைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேர வேலை. இதன் பெரிய பலம் நிச்சயம்: எந்த அளவு வேண்டும் என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்யலாம், ஏறக்குறைய அதுவே கிடைக்கும். வேறு எந்த முறையும் இந்த உறுதியைத் தராது.

எனக்கு உறுத்துவது, இதை ஒருமுறைச் செலவு என்று விற்பது. இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல என்ற எச்சரிக்கையை 2021 முதல் பெட்டி கட்டி அச்சிடச் சொல்லியிருக்கிறது, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. உள்ளே இருக்கும் ஆண்டுகள் கூடக் கூட, சிக்கல் வருவதற்கும் மறுபடி மேசையில் படுப்பதற்கும் வாய்ப்பு கூடும். ஜெல் பை உள்ளுக்குள் கிழிந்தால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பலருக்கு வலி இருக்காது, உருவம் மாறாது. அதனால்தான் ஐந்தாறு ஆண்டு ஆனதும் ஒரு எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், அப்புறம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. வண்டிக்கு எஃப்.சி. எடுப்பது போல. இருபத்தைந்து வயதில் வைத்துக்கொண்டவர் அறுபது வரை கணக்குப் போட்டால் பத்துப் பதினைந்து ஸ்கேன் வரும். அறுவைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் எண்ணி வைப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பணத்தைச் சேர்த்து எண்ணுகிறார்கள்?

அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு ஒரு தழும்புக் கூட்டைக் கட்டும். அது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்தக் கூடு இறுகி, மார்பு கல்லாகி, வலி எடுக்கும். மறுபடி அறுவை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது பை கொஞ்சம் திசுவை மறைக்கும் என்பதால் கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டும். எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் செய்துகொண்டு மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருப்பவர்களுக்கு, இந்தச் ‘சொல்லிவிட வேண்டும்’ என்பதே பெரிய சுமை.

உற்பத்தியாளர் மோசடி என்ற ஆபத்தும் உண்டு. பிரான்சின் பிஐபி என்ற நிறுவனம் மருத்துவத் தர சிலிக்கானுக்குப் பதிலாக விலை குறைந்த தொழிற்சாலை சிலிக்கானை அடைத்து உலகெங்கும் விற்றது 2010-இல் வெளிவந்தது. உலகம் முழுக்கச் சில லட்சம் பெண்கள் அந்தப் பையை வைத்திருந்தார்கள். 2011 இறுதியில் பிரான்ஸ் அரசு தன் நாட்டில் மட்டும் 30,000 பெண்களை எடுத்துவிடச் சொன்னது. நிறுவனர் ழான் குளோட் மாஸுக்கு 2013-இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். பையின் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும் வகையில் இன்னொரு தொல்லை: சுற்றியுள்ள கூட்டில் ஒருவகை நிணநீர்ப் புற்று வருவது தெரிந்தது. அரிதுதான், ஆனால் உயிர் போயிருக்கிறது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைப் பைகளை உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றது. வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டவர்கள், வழவழப்பா சொரசொரப்பா என்று கேட்டு, பையோடு வரும் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது. பெயரும் வரிசை எண்ணும் அதில்தான் இருக்கும்.

உப்புநீர்ப் பை

1992-இல் அமெரிக்கா சிலிக்கான் பைகளை அழகுக்காக வைப்பதை நிறுத்தியது. மூட்டு, திசு நோய்கள் வருகின்றன என்ற அச்சம். பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை, 2006-இல் மறுபடி அனுமதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓடியது உப்புநீர்ப் பை. கிழிந்தால் ஓரிரு நாளில் மார்பு வற்றிவிடும் என்பதால் ஒளிவுமறைவு இல்லை, கசிந்த நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் தோல் மெல்லியதாக இருப்பவர்களுக்குப் பையின் சுருக்கம் வெளியே தெரியும், தொட்டாலும் இயல்பாக இருக்காது. இங்கே அதிகம் கேட்பாரும் இல்லை.

சொந்தக் கொழுப்பு

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை உறிஞ்சி, சுத்தப்படுத்தி, மார்பில் ஊசிவழி சிறுசிறு துளியாக ஏற்றுவது. அந்நியப் பொருள் இல்லை, தழும்பு மிகச் சிறியது, இடுப்பும் கொஞ்சம் இளைக்கும். கேட்கவே ஆசையாக இருக்கும். விளம்பரங்களும் ‘இயற்கையானது’ என்றுதான் இதை விற்கின்றன.

இயற்கையானதுதான், அதனாலேயே அடங்காது. ஏற்றியதில் கணிசமான பங்கு, சிலருக்குப் பாதிவரைகூட, சில மாதங்களில் கரைந்துவிடும். மிஞ்சியது உடம்பு இளைத்தால் இளைக்கும், பெருத்தால் பெருக்கும். ஒரு தடவையில் ஒரு கப் சைஸ் கூடினால் பெரிது. ‘பலகை’ என்று பெயர் வாங்கியவளுக்கு எடுப்பதற்கே உடம்பில் கொழுப்பு இருக்காது. பிழைக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ நின்று, பின்னாளில் ஸ்கேன் செய்பவரைக் குழப்பி, தேவையில்லாமல் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிவரை கொண்டுபோகலாம். இரண்டு பக்கமும் சமமில்லாமல் இருப்பவர்களுக்கும், புற்றுநோய் அறுவைக்குப் பின் பள்ளத்தை நிரப்புவதற்கும் இது அருமையான வழி. வெறும் சைஸுக்காக என்றால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

எண்ணெய், க்ரீம், மாத்திரை என்று வருபவற்றுக்குத் தனிப் பத்தி தேவையில்லை. வேலை செய்யாது. ஜிம் பயிற்சி அடியில் இருக்கும் தசையை வளர்க்கும், மார்பகத்தை அல்ல.

குறைப்பது

யாரும் அதிகம் பேசாத, என் கணக்கில் முதலிடத்துக்கு வரும் வழி இது. மார்பு மிகவும் கனமாக இருக்கும் பெண்ணின் தோளைப் பாருங்கள். பிராவின் பட்டை அழுத்தி அழுத்தி இரண்டு பக்கமும் நிரந்தரப் பள்ளம் விழுந்திருக்கும். கழுத்துவலி, மேல்முதுகுவலி. சென்னை வெயிலில் மார்புக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் வெந்து புண்ணாகும். பவுடர் போட்டு, கைக்குட்டையை மடித்துச் செருகி ஓட்டுவார்கள். ஓட முடியாது, கயிறு தாண்ட முடியாது. அதைப் பார்த்து ‘சோம்பேறி, அதான் குண்டா இருக்கா’ என்பார்கள். உடம்பு இளைத்தாலும் பலருக்கு மார்பு போதுமான அளவு குறைவதில்லை.

குறைப்பு அறுவையில் கூடுதல் திசுவை எடுத்து, மேலே தூக்கித் தைத்து, காம்பையும் இடம் மாற்றி வைப்பார்கள். விலை இல்லாமல் இல்லை. காம்பைச் சுற்றியும் அங்கிருந்து கீழே இறங்கி மடிப்பு நெடுகவும் நங்கூரம் போல் தழும்பு விழும். காலப்போக்கில் மங்கும், மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். தாய்ப்பால் கொடுப்பது சிலருக்குக் கடினமாகும். அதனால் பிள்ளை பெறும் எண்ணம் இருப்பவர்கள் சர்ஜனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் இம்ப்ளான்ட் மாதிரிப் பராமரிக்க வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இல்லை. தோள்வலி பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது. செய்துகொண்டவர்களின் மனநிறைவு, மற்ற பிளாஸ்டிக் அறுவைகளோடு ஒப்பிட்டால் உயர்ந்த வரிசையில் இருக்கிறது.

இங்கேதான் ஸ்டான்லி மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைக்கு இலவசப் பிரிவு தொடங்கியபோது, வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை ‘ஏழைகளுக்கு இலவச மார்பகப் பெருக்கம்’ என்று எழுதின. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்பது எதிர்வாதம். இரண்டு தரப்பும் பெருக்கத்தையே பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. வீட்டுவேலை செய்து, குனிந்து நிமிர்ந்து, முதுகு ஒடிந்துபோன பெண்ணுக்குக் குறைப்பும் அங்கே இலவசம் என்ற செய்தி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. அவளுக்கு அது அழகுச் சிகிச்சையே அல்ல.

கத்தி இல்லாமல்

பேடட் பிரா சில நூறு ரூபாய். மாலையில் கழற்றி வைக்கலாம், நாளை வேண்டாம் என்றால் வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் இந்த வசதி கிடையாது. ஒருத்தி ஆறு மாதம் இதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு, தனக்கு உண்மையிலேயே என்ன மாறுகிறது என்று கவனிப்பது, எந்த கன்சல்டேஷனையும்விட நல்ல சோதனை. புற்றுநோயால் மார்பு எடுத்தவர்களுக்கும் பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு இருக்கிறது. மறுகட்டமைப்பே வேண்டாம், தட்டையாக ஒழுங்காகத் தைத்து விடுங்கள் என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது. அந்தக் கேள்வியை டாக்டராக முன்வந்து எடுப்பது அபூர்வம்.

மனசு

பெருக்க அறுவை செய்துகொண்டவர்களைக் கேட்டால் மார்பைப் பற்றிய திருப்தி கூடியிருக்கும். அதில் சந்தேகம் இல்லை, அதைக் கேலி செய்யவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் தன்மதிப்பு மொத்தமாக உயர்கிறதா என்றால், ஆய்வு முடிவுகள் அப்படியும் இப்படியும் இருக்கின்றன. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, அமெரிக்கா என்று பல நாட்டுப் பதிவேடுகளை அலசியபோது, அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்த பெண்களிடையே தற்கொலை விகிதம் மற்றப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தது. இம்ப்ளான்ட்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை. முன்பே இருந்த மனவேதனையோடு அறுவைக்கு வந்தவர்கள் அதில் கூடுதலாக இருந்திருக்கலாம் என்பதுதான் பலரின் விளக்கம். கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று, பிறருக்குத் தெரியாத குறையைத் தேடும் நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு அறுவை மருந்தாகாது, குறை வேறு உறுப்புக்கு நகர்ந்துவிடும். ‘உன்னை யார் அனுப்பினார்கள்’ என்று கேட்டு, பதில் கணவன் என்று வந்தால் கத்தியைக் கீழே வைக்கும் சர்ஜன்தான் நல்ல சர்ஜன். எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முந்தின வேலை.

பணம்

இந்தியாவில் எந்த மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைப் புரட்டினாலும் விலக்குகள் பட்டியலில் ‘எக்ஸ்க்ளூஷன் 08’ என்று ஒன்று இருக்கும். அழகுக்கான பிளாஸ்டிக் அறுவைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின்னான மறுகட்டமைப்புக்கு விதிவிலக்கு. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்தை நீக்க இது தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் விதிவிலக்கு. பெருக்கம் சொந்தக் காசு, அதில் பேச்சே இல்லை. குறைப்பையும் முதல் பார்வையில் அழகுக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். அதனால் குறைப்புக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் எலும்பு டாக்டரைப் பார்த்த சீட்டு, தோல் டாக்டரின் மருந்துச் சீட்டு, பிசியோதெரபி ரசீது எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தோள் பள்ளத்தையும் அடிமடிப்புப் புண்ணையும் புகைப்படம் எடுத்து டாக்டரிடம் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே முன் அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக ‘காஸ்மெடிக் மேடம், வராது’ என்று கவுண்டரில் சொல்வதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். குறைதீர்ப்பு அலுவலருக்கும், அதற்குப் பின் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கும் போக அந்த ஒரு தாள் வேண்டும்.