கூட வரும் போலீஸ்காரர் எப்படி?

எல்ஏ காப்ஸ் கேமைத் திறந்து பத்து நிமிடம் ஆனதும் என் தம்பி கேட்டான்: "அண்ணே, பாட்டு செம லா. கேம் எப்ப ஆரம்பிக்கும்?" அதற்குள் நாங்கள் மூன்று அறைகளில் இருந்தவர்களைச் சுட்டு முடித்திருந்தோம்.

2015 மார்ச்சில் இந்த கேம் வெளிவந்தபோது விமர்சகர்கள் பலர் சொன்னதும் சுற்றிவளைத்து இதைத்தான். பிரிட்டனின் மாடர்ன் டிரீம் உருவாக்கி, டீம்17 வெளியிட்டது. 1970களின் லாஸ் ஏஞ்சலிஸ், தடித்த மீசை, பெல்பாட்டம், ஃபங்க் இசை, மேலிருந்து பார்க்கும் கேமரா. தோற்றத்துக்கும் இசைக்கும் பாராட்டு கிடைத்தது. மதிப்பெண் மட்டும் பாதியைத் தாண்டவே திணறியது.

தம்பி சிங்கப்பூரின் கட்டாயத் தேசியச் சேவையைக் காவல்துறையில் முடித்துவிட்டு வீட்டில் இருந்த மாதத்தில், இங்கே ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டின் ஒரே கணினியில் பழைய காலத்து வேடம் போட்ட போலீஸ் கேம்கள் நான்கை அடுத்தடுத்து விளையாடினோம். எல்ஏ காப்ஸுடன் போலீஸ் ஸ்டோரீஸ் (2019), ரோபோகாப்: ரோக் சிட்டி (2023), தி பிரீசிங்க்ட் (2025). விமர்சனங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே போனோம். நான்கிலும் விமர்சகர்கள் முதல் பத்தியில் தோற்றத்தைப் புகழ்கிறார்கள். மூன்றாவது பத்திக்கு வரும்போது பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. நம் பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் எப்படி, துப்பாக்கியை எப்போது நீட்டலாம், எப்போது கூடாது என்பதில்தான் மதிப்பெண் ஏறுகிறது, இறங்குகிறது.

எல்ஏ காப்ஸ் சறுக்கியது சரியாக அந்த இடத்தில். ஆறு போலீஸ்காரர்களில் இருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போகிறோம். ஒருவரை நாம் நடத்துகிறோம், இன்னொருவரை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கலாம். நிறுத்திய இடத்தில் அவர் பார்வைக்குள் யார் வந்தாலும் சுடுவார். பட்டனைத் தட்டினால் நாம் அவராக மாறிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கதவோரமாக ஜோடிக்காரரை நிறுத்திவிட்டு நான் பின்பக்கமாகச் சுற்றி வந்தேன். சத்தம் கேட்டு ரௌடி ஒருவன் அவர் முதுகுப் பக்கமிருந்து ஓடி வந்தான். அவர் திரும்பவில்லை. குண்டு பட்டு விழுந்தார். அடுத்த முறை அவரை அறையின் மூலையில் சுவரை ஒட்டி நிறுத்தினேன். நான் வெறுமனே ஒரு முறை சுட்டுச் சத்தம் எழுப்பினேன். வந்தவன் எல்லாம் வரிசையாக அவர் முன்னால் வந்து செத்தான். ஒன்று முழு முட்டாள், இல்லையென்றால் நிகரில்லாத காவல் பொம்மை. நடுவில் எதுவும் இல்லை.

2012இல் வந்த ஹாட்லைன் மயாமி என்ற கேமோடு இதை ஒப்பிடாத விமர்சனம் அரிது. அந்த ஒப்பீடு எல்ஏ காப்ஸுக்கு வினையாகப் போனது. ஹாட்லைன் மயாமியில் ஒரே அடியில் சாகிறோம், கண் இமைப்பதற்குள் மறுபடி தொடங்குகிறோம், அந்த வேகமே போதை. எல்ஏ காப்ஸ் அந்த வேகத்தையும் தரவில்லை, நிதானமாகத் திட்டம் போடவும் விடவில்லை. ஒருவனை அடித்துக் கீழே தள்ளி விலங்கு மாட்டினால் கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் சுட்டுத் தள்ளுவது அதைவிடச் சுலபம் என்பதால், இரண்டாவது மிஷனிலேயே விலங்கை மறந்துவிட்டோம். விமர்சகர்கள் இங்கே கடுமையாக இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்வேன்.

போலீஸ் ஸ்டோரீஸ் அதே கேமராக் கோணத்தில், அதைவிட எளிய பிக்சல் படங்களோடு வருகிறது. மைட்டி மார்கன் என்ற சிறிய குழு உருவாக்கியது. இதிலும் இரண்டு போலீஸ்காரர்கள்: ஜான் ரைம்ஸ், ரிக் ஜோன்ஸ். ஆனால் இங்கே சுடுவது கடைசி வழி. கதவை மெதுவாகத் திறக்கலாம், உதைத்தும் திறக்கலாம். உள்ளே இருப்பவனைப் பார்த்து முதலில் கத்த வேண்டும். கையைத் தூக்கினால் விலங்கு. காரணமில்லாமல் சுட்டால் புள்ளி போகும். அதே லெவலை மறுபடி தொடங்கினால் ஆட்கள் வேறு இடத்தில் இருப்பார்கள், மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

இங்கே தம்பி என்னை ஓரம்கட்டிவிட்டான். ஒரு குளியலறைக் கதவை உதைத்துத் திறந்ததும் உள்ளே ஒருவன் நின்றுகொண்டிருந்தான், கையில் என்னவோ இருந்தது. நான் சுட்டுவிட்டேன். பொதுமக்களில் ஒருவன். "கையைப் பாக்கணும், அண்ணே. மூஞ்சியை இல்ல," என்றான் தம்பி. இரண்டு வருடச் சேவையில் பயிற்சிக் களத்துக்கு வெளியே அவன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததே இல்லை. நோட்டுப்புத்தகம்தான் தேய்ந்தது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியைப் பயன்படுத்தினால் மரண தண்டனை என்ற சட்டம் 1973 முதல் இருக்கும் ஊர் இது. துப்பாக்கிச் சண்டையை நாம் திரையில்தான் பார்க்கிறோம். அதனால்தானோ என்னவோ, சுடாமல் இருப்பதற்கு மதிப்பெண் தரும் கேம் எங்கள் இருவருக்கும் இயல்பாக ஒட்டிக்கொண்டது.

ஜோடிக்காரர் விஷயத்திலும் இது தேறிவிட்டது. தனியாக விளையாடினால் அவருக்கு உத்தரவு போடலாம்: இந்தக் கதவு, இந்த ஆள், இங்கே நில். சொன்னதைச் செய்வார். இருவராக விளையாடினால் அந்த இடத்தில் நிஜ மனிதர் உட்கார்ந்துவிடுவார். கேம் ஒரே மாதிரி நீள்கிறது, கதை சுமார்தான். ஆனாலும் எல்ஏ காப்ஸ் வாங்கிய திட்டில் பாதி இதற்கு விழாததற்குக் காரணம், தன் விதிகளை அது கடைசிவரை மதித்தது.

ரோபோகாப் தனி ரகம். பாதி மனிதன், பாதி இயந்திரமான போலீஸ்காரரைப் பற்றிய 1987ஆம் ஆண்டுப் படத்தை வைத்துச் செய்த கேம். கண்ணோட்டமே வேறு: நாமே அந்த இரும்பு உடலுக்குள் இருக்கிறோம். போலந்தின் டேயோன் உருவாக்கி, நாகான் வெளியிட்டது. அசல் நடிகர் பீட்டர் வெல்லரே முகமும் குரலும் கொடுத்திருக்கிறார். டேயோனின் பழைய வரலாறு தெரிந்த விமர்சகர்கள் எதையும் எதிர்பார்க்காமல்தான் உட்கார்ந்தார்கள். 2014இல் ராம்போவை வைத்து அவர்கள் செய்த கேம் வாங்காத வசவு இல்லை. இந்த முறை பத்துக்கு ஏழுக்குப் பக்கமான மதிப்பெண்கள் வந்தன. முகங்கள் விறைப்பு, சில இடங்களில் கோளாறு, ஆனால் அந்தப் படத்தின் மனசு இதில் இருக்கிறது என்றார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், விளையாடியவர்களின் கருத்து அதைவிடப் பல படி மேல். இதில் நான் ஸ்டீம் பக்கம்.

காரணம், அதன் மெதுவான நடை. வேகமாக ஓட முடியாத ஹீரோவை வைத்துத் துப்பாக்கிச் சண்டை கேம் செய்தால் விமர்சகருக்குக் கை அரிக்கும், புரிகிறது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும்போது, எதிரே நிற்பவன் பயந்து சுடுவது நமக்குத் தெரிகிறது. மறைந்து நின்று சுட வேண்டிய அவசியமே இல்லை, நடந்துபோய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கி எறியலாம். நடுநடுவே டெட்ராய்ட் தெருவில் ரோந்து போக வேண்டும். தப்பாக நிறுத்திய காருக்கும் சுவரில் கிறுக்கியதற்கும் அபராதம் எழுதலாம். அமெரிக்கர் ஒருவருக்கு இது நகைச்சுவை. ஈசூன்காரர்களுக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை. "இது கேம் இல்ல அண்ணே, என் பழைய வேலை," என்று தம்பி கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான்.

கூட வரும் போலீஸ்காரர் என்ற கேள்வி இதில் பெரும்பாலும் எழவில்லை. சண்டையில் ரோபோகாப் தனியாள். அதுவே இதற்கு வசதியாகிவிட்டது என்று நினைக்கிறேன். முட்டாள் ஜோடிக்காரரை எழுதுவதைவிட எழுதாமல் விடுவது நல்லது.

தி பிரீசிங்க்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983, அவெர்னோ என்ற கற்பனை நகரம், மழை, நியான் விளக்கு. அழகில் நான்கிலும் முதலிடம் இதற்கே. புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிளாக ரோந்து போகிறோம், மூத்த அதிகாரி ஒருவர் கூடவே வருவார். ஆளை நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, சோதனை போட்டு, சரியான குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் புள்ளி குறையும். கார் துரத்தலும் சூழலும் பாராட்டு வாங்கின. திரும்பத் திரும்ப ஒரே வேலை, துப்பாக்கிச் சண்டையில் சுரத்தில்லை என்பது விமர்சகர்களின் குறை. இரண்டும் உண்மை. ஆறேழு மணி நேரம் வரை எனக்குச் சலிக்கவில்லை. அப்புறம் சலித்தது.

அப்படியென்றால் எதை வாங்கலாம்? வீட்டில் விளையாட இன்னொரு ஆள் இருந்தால் போலீஸ் ஸ்டோரீஸ், யோசிக்கவே வேண்டாம். தனியாள், கொஞ்சம் வலுவான கணினி, அந்தப் படத்தைச் சின்ன வயதில் வீட்டுக்குத் தெரியாமல் பார்த்தவர் என்றால் ரோபோகாப். பிடித்துவிட்டால் 2025இல் தனி கேமாகவே வந்த அன்ஃபினிஷ்ட் பிசினஸும் இருக்கிறது. பிரீசிங்க்ட்டைத் தள்ளுபடியில் பார்த்துக்கொள்ளலாம். எல்ஏ காப்ஸை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் அழிக்கவில்லை. மெனுவைத் திறந்து வைத்துவிட்டு, அந்த ஃபங்க் இசை ஓட, தம்பி சட்டை இஸ்திரி போடுகிறான்.