சயானா, பிரைஸ் கேன்யனா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கார் பயணம், கையில் ஒரே நாள். இந்த இரண்டு தேசியப் பூங்காக்களில் எங்கே நிறுத்துவது?

நடை: சயானில் நேரோஸ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் பாதையே வர்ஜின் ஆறுதான். முழங்கால் தண்ணீர், காலடியில் வழுக்கும் உருண்டைக் கற்கள். கையில் கழி இல்லாமல் இறங்காதீர்கள். மேலே எங்கோ மழை பெய்தாலும் இங்கே வெள்ளம் வரும். பிரைஸில் செம்பாறைத் தூண்களுக்குள் இறங்கிச் சுற்றி வர சுமார் 5 கி.மீ. ஏற்றம் கடைசியில், அதுவும் 2,400 மீட்டர் உயரத்தில். மூச்சு வாங்கும்!

வண்டி: சயானில் பெரும்பாலான மாதங்கள் ஷட்டில் பஸ். பிரைஸில் நம் காரே போதும்.

வெயில்: ஜூலையில் சயான் அடுப்பு, பிரைஸில் இரவுக்கு ஸ்வெட்டர்.

அதிகம் நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால் பிரைஸ். காரை விட்டு இறங்கிச் சில அடிகளில் காட்சி. நனைய ஆசை என்றால் சயான்.