செம்பனைக்குள் மேய்ப்பதா, நேப்பியர் புல் வெட்டிப் போடுவதா?

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால், சுங்கை பாக்காப் பக்கம் ஆடு மாடு வைத்திருக்கும் நம்மவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. சாலையோரம் அவிழ்த்து விடுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. மாட்டுக்கும் ஆபத்து, மோட்டார்சைக்கிளில் வருகிறவருக்கும் ஆபத்து.

மாடு என்றால் நான் மேய்ச்சல் பக்கம்தான். 300 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் தின்னும். பத்து மாட்டுக்கு 300 கிலோ. மழை பெய்தாலும் தைப்பூசம் வந்தாலும் அதை அறுத்துச் சுமந்து நறுக்கிப் போட்டே ஆக வேண்டும். செம்பனைக்குள் விட்டால் அந்த வேலையை மாடே பார்த்துக்கொள்ளும். தோட்டத்துக்கும் களைக்கொல்லிச் செலவு குறையும். 2020 முதல் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இங்கே தடை இருப்பதால், களைக்கு வேறு வழி தேடும் தோட்டத்திடம் துணிந்து பேசலாம்.

ஆனால் காலையில் அவிழ்த்து மாலையில் பிடித்துக் கட்டுவது மேய்ச்சல் ஆகாது. சோலார் மின்வேலி போட்டு நிலத்தைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டில் புல் கணுக்கால் அளவுக்கு இறங்கியதும் மந்தையை அடுத்ததற்கு மாற்றி, மேய்ந்த இடத்துக்கு 6 முதல் 8 வாரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வில்லாத இடம் பார்த்தாலே தெரியும். நல்ல புல்லெல்லாம் போய், மாடு வாய் வைக்காத பெரணியும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடக்கும். அதைத் திரும்ப மேய்ச்சலுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. மங்கோலியா போல் நமக்குப் புல்வெளி கிடையாது; செம்பனை அடியைக் கெடுத்துவிட்டால் வேறு எங்கே போவது?

மரத்தின் வயதையும் பார்க்க வேண்டும். 5 வயதுக்குக் குறைந்த செம்பனைக் கன்றென்றால் மாடு மட்டையைக் கடித்துவிடும். மரம் மூத்தாலோ நிழல் கவிந்து புல் குறைந்துபோகும். அங்கே ஒரு மாட்டுக்கு ஏறத்தாழ 4 ஹெக்டர் தேவை. தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளை மண்டோரிடம் (வேலையாட்களை மேய்க்கும் கங்காணியிடம்) முன்கூட்டியே கேட்டு, அந்தப் பக்கம் மந்தையை விடாதீர்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில் மந்தையை இறக்காதீர்கள். குளம்பு பட்டு மண் இறுகினால் மரத்துக்குத்தான் கேடு.

ஆட்டுக்கு என் பதில் நேர்மாறு: கொட்டகையும் நேப்பியரும். காரணம் குடற்புழு. நம் ஈரத்தில் புழுவின் இளம்பருவம் புல் நுனிவரை ஏறி உட்கார்ந்திருக்கும். ஆடு அதைப் புல்லோடு விழுங்கிவிடும். புழு வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைகிறதா என்று அறிய, வாரம் ஒருமுறை ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளிறி வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புழுக்கை கீழே விழும்படி உயர்த்திக் கட்டிய பலகைத் தரை பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். மேய்த்தே தீர வேண்டுமென்றால் ஒரு துண்டில் 3, 4 நாளுக்கு மேல் நிறுத்தாமல், ஒரு மாதம் கழித்தே திரும்ப விடுங்கள்.

நேப்பியரை 45 முதல் 60 நாளுக்குள் அறுக்க வேண்டும். விட்டால் தண்டு முற்றி, புரதம் இறங்கி, ஆடு இலையை மட்டும் பொறுக்கித் தின்னும். கொட்டகை எருவை அதே பாத்திக்குத் திருப்பிப் போடாவிட்டால் சில அறுப்பிலேயே தூர் மெலிந்துவிடும்.

பத்து மாட்டுக்கு 40 ஹெக்டர் செம்பனை எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டு மூன்று பால்மாடு மட்டும் வைத்து, வீட்டுப்பக்கம் அரை ஏக்கர் இருப்பவர்களுக்கு நேப்பியரே சரி.