ஃபால்கன் பிஎம்எஸ்: நமக்காக நிற்காத போர்

1998 டிசம்பரில் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0, எஃப்-16 போர் விமானத்தை ஓட்டும் கணினி விளையாட்டு; பிழைகள் மலிந்தது. அதை உருவாக்கிய குழு விரைவில் கலைக்கப்பட்டது. 2000இல் மூல நிரல் கசிந்தது. ஆர்வலர்கள் அதை எடுத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அந்தக் கிளைகளில் இன்றும் தழைத்து நிற்பது பெஞ்ச்மார்க் சிம்ஸ் குழுவின் பிஎம்எஸ். காக்பிட், பறக்கும் இயல்பு, வானிலை, ரேடார், வரைகலை என்று எல்லாவற்றையும் புதுப்பித்து, அதை இலவசமாகவும் தருகிறார்கள். 4.35 பதிப்பிலிருந்து பினாங்கில் என் மேசையில் இது ஓடிக்கொண்டிருக்கிறது.

அழகுக்காக இதை நிறுவ வேண்டாம். மேகத்தையும் கடலையும் ரசிக்க விரும்புபவருக்கு டிசிஎஸ் என்ற இன்னொரு போர் விமான விளையாட்டு போதும். பிஎம்எஸ்ஸின் உயிர் அதன் போர்த்தொடரில் இருக்கிறது. கொரியத் தீபகற்பம் முழுவதும் தரைப்படைகள் நகர்கின்றன, விமானங்கள் கிளம்புகின்றன, பாலங்கள் இடிகின்றன. நாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கடிகாரம் ஓடுகிறது. ஏவுகணைத் தளத்தை அடக்கும் பணியை நாம் எடுக்காவிட்டால் வேறொரு அணி போகும். அது தோற்றுவிட்டால் நம்முடைய அடுத்த பயணத்தில் அந்த ரேடார் விழித்தே இருக்கும்; எச்சரிக்கைக் கருவி கத்தும்போதுதான் அதன் அருமை புரியும். 1998இன் கணினிகளில் இத்தனையையும் எப்படி ஓட்டினார்கள்? விளையாடுபவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக இயக்கி, வெளியே நடப்பதைக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். அந்தத் தந்திரம் இன்றும் அடித்தளத்தில் அப்படியே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் முட்டி மோதியும் இதற்கு இணையான ஒன்று அரிதாகவே வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் பொறுமை வேண்டும். ஜேஎஃப்எஸ் எனும் இயந்திரத் தொடக்கி விசையை ஸ்டார்ட் 2இல் வைத்து, இயந்திரச் சுழற்சி 20 சதவீதத்தைத் தொட்டதும் த்ராட்டிலை (வேகப்பிடியை) ஐடிலுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வழிகாட்டும் கருவி தன் இருப்பிடத்தைச் சீர்செய்ய எட்டு நிமிடம் எடுக்கும். அதற்குள் ஒரு தே தாரிக் கலக்கிக் குடித்துவிடலாம். அவசரக்காரர்கள் ஓடுபாதையிலிருந்தே கிளம்பலாம், தடையில்லை. ஆனால் கையேடுகளிடமிருந்து தப்ப முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். முதலில் பயிற்சிக் கையேட்டை மட்டும் எடுத்து, அதிலுள்ள பாடங்களை வரிசையாகப் பறந்து முடியுங்கள்.

பினாங்குக்காரர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் எஃப்/ஏ-18டி ஹார்னெட்டின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிஎம்எஸ்ஸிலும் ஹார்னெட் உண்டு, ஓட்டவும் முடியும். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எஃப்-16இன் மூளைதான். பின்னர் வந்த எஃப்-15சி-க்குத் தனிக் கவனம் கிடைத்தது. ஹார்னெட்டுக்கு இன்னும் அந்த யோகம் வரவில்லை. ஹார்னெட்தான் வேண்டும் என்பவர் டிசிஎஸ்ஸுக்கே போகலாம்.

நண்பர்களோடு பறப்பது தனிச் சுகம். விமானத்தின் யூஎச்எஃப், விஎச்எஃப் ரேடியோக்களைப் போலவே இயங்கும் குரல் வசதி கூடவே வருகிறது. அலைவரிசை தவறினால் மௌனம்தான். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அண்ணன் ஒருவர் என் அணித்தலைவர். அழைப்புக் குறிகள் மட்டும் ஆங்கிலம், மற்றதெல்லாம் தமிழ். "தம்பி, பேச்சைக் குறை, எரிபொருளைப் பார்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். போட்டியை நடத்துபவர் மட்டும் தன் ரௌட்டரில் போர்ட்டுகளைத் திறந்து வைத்தால் போதும்.

தொல்லைகளும் உண்டு. ஜாய்ஸ்டிக்கை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் கருவிகளின் வரிசை குழம்பி, த்ராட்டில் இருந்த இடத்தில் சுக்கான் வந்து நிற்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே ஹப்பில் செருகி, அதைத் தொடாமல் விடுவது நல்லது. போர் உச்சத்தில் இருக்கும்போது சுமை கிராபிக்ஸ் கார்டைவிட பிராசசரின் மேல்தான் அதிகம் விழுகிறது. புதிய கார்டு வாங்க கோலாலம்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு ஓடுவதற்கு முன் அதைக் கவனியுங்கள்.

நிறுவுவதற்குப் பழைய ஃபால்கன் 4.0 உரிமம் கட்டாயம். ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணைய விளையாட்டுக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. தலையசைவைப் படிக்க வெப்கேமும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் தாராளம். 4.37இல் விஆர் (மெய்நிகர் கவசம்) வசதி வந்தபோது அதையும் பார்த்தேன், ஆழம் அபாரம். ஆனால் மார்ச் மாத வெயிலில், ஏர்கான் இல்லாத அறையில் அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு எட்டு நிமிடச் சீரமைப்புக்குக் காத்திருக்க என்னால் ஆகாது.